தலைப்பின் கீழ் யார் பெயர்?

ஆய்விதழ்க் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் இடம் விலைக்குக் கிடைக்கிறது என்ற செய்தி இப்போது யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. முதல் பெயருக்கு ஒரு விலை, நான்காம் பெயருக்குக் கொஞ்சம் சலுகை விலை என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் விளம்பரமே வருகிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் 8,000க்கும் மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. அந்தப் பதிப்பகத்தை 2021இல் விலைக்கு வாங்கிய வைலி நிறுவனம் கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டது.

தரகர்களைத் திட்டுவது சுலபம். பல்கலைக்கழக முற்றங்களில் அது தினமும் நடக்கிறது. ஆனால் பணம் கொடுத்துப் பெயர் வாங்குகிறவரைப் பழிக்கும் அதே துறையில், பதவியைக் காட்டிப் பெயர் வாங்குகிறவருக்கு வணக்கம் வைக்கிறோம். கட்டுரையில் பங்கேற்காத ஒருவரின் பெயர் அதன் தலைப்பின் கீழ் நிற்குமானால் அது பொய். காசுக்காகச் சொன்னாலும், பயத்தில் சொன்னாலும், பக்தியில் சொன்னாலும் பொய்தான்.

பெரும்பாலும் இந்தப் பொய் கட்டுரையை அனுப்பும் கடைசி நேரத்தில்தான் பிறக்கிறது. பிளேஜியரிசம் செக் முடிந்துவிட்டது, மேற்கோள்கள் இதழ் கேட்ட பாணிக்கு மாற்றப்பட்டுவிட்டன, படங்களின் தெளிவும் சரிபார்க்கப்பட்டுவிட்டது. ஆய்வு மாணவர் இதழின் தளத்தில் கோ-ஆத்தர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றுகிறார். தன் பெயர், சோதனைக்கூடத்தில் உடன் உழைத்த தோழியின் பெயர், கைடின் பெயர். பிறகு துறைத்தலைவர். "சார் பெயரையும் போட்டுவிடு, நாளைக்கு ஃபைல் நகர வேண்டும் அல்லவா" என்று யாரோ முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். அடுத்த திரையில், ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று குறிக்கச் சொல்லிப் பதினான்கு பணிகள் கொண்ட பட்டியல் விரிகிறது. கருத்துருவாக்கம், தரவு திரட்டல், பகுப்பாய்வு, எழுத்து என்று அது நீள்கிறது. துறைத்தலைவருக்கு எதிரே எதையும் குறிக்க முடியவில்லை. யோசித்துவிட்டு 'மேற்பார்வை' என்பதைச் சொடுக்குகிறார் மாணவர். இறுதியாக, ஆசிரியர்கள் அனைவரும் கட்டுரையைப் படித்து ஒப்புதல் அளித்துவிட்டார்கள் என்ற உறுதிமொழிக் கட்டம். அதிலும் ஒரு சொடுக்கு. இத்தனைக்கும் துறைத்தலைவர் கட்டுரையின் தலைப்பைக்கூட இன்னும் பார்க்கவில்லை.

ஒருவரை ஆசிரியர் என்று குறிக்க மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது செறிவாகத் திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரை முழுமைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். நிதி வாங்கித் தந்ததோ பொதுவாக மேற்பார்வை பார்த்ததோ மட்டும் போதாது என்று அந்தக் குழு வெளிப்படையாகவே சொல்கிறது. அவர்களுக்கான இடம் நன்றியுரை.

நான்காவது நிபந்தனையின் கனம் 2020இல் உலகுக்கே தெரிந்தது. கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆபத்து என்று லான்செட் இதழ் மே 22 அன்று ஒரு கட்டுரை வெளியிட்டது. 671 மருத்துவமனைகள், ஏறத்தாழ 96,000 நோயாளிகள் என்று அதில் கணக்கு. சில நாள்களில் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துப் பிரிவை இடைநிறுத்தியது. தரவு எங்கே என்று பிற ஆய்வாளர்கள் கேட்டபோது, கட்டுரையின் நான்கு ஆசிரியர்களில் மூவரால் அதைச் சரிபார்த்துச் சொல்ல முடியவில்லை. மூலத் தரவு நான்காமவரின் நிறுவனத்திடம் இருந்தது. அது தர மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த மூவரும் காசு கொடுத்துப் பெயர் வாங்கியவர்கள் இல்லை. மூலத் தரவைச் சரிபார்க்காமல் பெயர் கொடுத்தவர்கள். அதற்கே இந்த விலை என்றால், கட்டுரையையே பாராமல் பெயர் கொடுப்பதை என்னவென்பது?

இது வெள்ளைக்காரன் வகுத்த விதி, நம் குரு–சீட மரபுக்கு ஒவ்வாது என்று வாதிடுவோர் உண்டு. மரபை அவர்கள் புரட்டிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு இலக்கணம் சொல்லும்போது அதில் இடம்பெற வேண்டியவற்றின் தலையில் ஆக்கியோன் பெயரை வைக்கிறது. அந்தப் பாயிரத்தை யார் பாட வேண்டும் என்றும் சொல்கிறது: நூலாசிரியனின் ஆசான், உடன் கற்றவன், மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன். ஆசானுக்குப் பெருமைக்குரிய இடம் தந்திருக்கிறது. அந்த இடம் பாயிரத்தில். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடிய பனம்பாரனார் உடன் பயின்றவர் என்பது உரைமரபு. நூலைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசானையும் அரங்கேறிய அவையையும் அவர் குறிப்பிடுகிறார். தொல்காப்பியருக்கு அகத்தியர் ஆசான் என்று மரபு சொல்லிக்கொண்டே வருகிறது. ஆனாலும் ஆக்கியோன் என்று பாயிரம் காட்டுவது தொல்காப்பியரை மட்டுமே. உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றையே விரிவாக எழுதியவர். அவரைவிடக் குருபக்தி உள்ளவரைக் காண்பது அரிது. தம் பதிப்பு முகவுரைகளில் ஏடு கொடுத்து உதவியவர்களைப் பெயர் சொல்லிக் குறித்தார். பதிப்பாசிரியர் என்ற இடத்தில் தம் பெயரைத்தான் போட்டார்.

தருமியின் கதையும் இருக்கிறது. பிறர் எழுதிய பாட்டைத் தன் பெயரில் அவைக்குக் கொண்டுபோனவன், நக்கீரர் எழுப்பிய ஐயத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பினான். அவனுக்காவது எழுதிக் கொடுத்தவரே அவைக்கு வந்து வாதாடினார். இன்றைய ரிவ்யூவரின் கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டுரைக் கடைக்காரர் வரமாட்டார், துறைத்தலைவரும் வரமாட்டார்.

நன்றி என்ற அறத்தை எதிரே நிறுத்தலாம். செய்ந்நன்றியறிதல் பெரிய அறம், மறுப்பில்லை. ஆனால் வள்ளுவர் அந்த அதிகாரத்தை அடுத்து வைத்தது நடுவு நிலைமையை. இந்த வரிசைக்குப் பரிமேலழகர் காரணம் சொல்கிறார்: உதவியவரின் உதவியை நினைக்கும்போது நடுவுநிலை சிதையக்கூடும், அவ்விடத்தும் அது சிதையக் கூடாது. நன்றிக்கடன் எந்த இடத்தில் வழுக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிடவில்லை. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்ற குறளைச் சிலர் துணைக்கு அழைப்பார்கள். அங்கே நன்மைக்கு முன்னால் 'குற்றமற்ற' என்ற காவல் நிற்கிறது. இரவல் பெயர்களால் நீண்ட பட்டியலைக் காட்டி ஒருவர் பதவி உயர்வு பெறும்போது, சொந்தமாக மூன்றே கட்டுரை எழுதிய இன்னொருவர் பின்னுக்குப் போகிறார். அவருக்கு நேர்ந்த குற்றத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

1975இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் தனியாக எழுதிய கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதிவிட்டார். ஒற்றை ஆசிரியர் என்றால் இதழ் அதை ஏற்காது என்று தெரிந்ததும், முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யச் சோம்பி, தம் பூனைக்கு ஒரு புனைபெயர் சூட்டி இரண்டாம் ஆசிரியராகச் சேர்த்தார். ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் அது வெளிவந்தது. வேடிக்கைதான். அந்தப் பூனை அதைக் காட்டிப் பதவி உயர்வு கேட்கவில்லை என்பதே அதன் பெருந்தன்மை.

ஆய்வு மாணவரின் நிலை இக்கட்டானது என்பது உண்மை. கையொப்பமும் வாய்மொழித் தேர்வும் பரிந்துரைக் கடிதமும் பெரியவர்களிடம் இருக்கும்போது, பெயரைப் போட மாட்டேன் என்று அவர் சொல்வது எளிதில்லை. அதனால்தான் இந்த அறத்தின் சுமை பெரியவர் தோளில் விழுகிறது. 1924இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து இதழுக்குக் கொடுத்தார். தம் பெயரைச் சேர்த்திருந்தால் உலகம் ஏனென்று கேட்டிருக்காது. ஆசிரியர் இடத்தில் போஸின் பெயர் மட்டுமே இருந்தது. ஐன்ஸ்டைன் கடைசியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று சில வரிகள் எழுதிச் சேர்த்தார். ஒரு துறைத்தலைவருக்கு இந்த அளவு மொழிபெயர்ப்பு வேலைகூட இல்லை. தம் மேசைக்கு வரும் வரைவில் தம் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, இதை அனுப்பு என்று அவரே சொன்னால் மாணவருக்கு எந்தத் தைரியமும் தேவைப்படாது.