குச்சியும் பெட்டியும்

சிவகாசித் தீப்பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். சிவப்புப் பாஸ்பரஸ் அங்கே இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. குச்சியைச் சும்மா சுவரில் தேய்த்தால் பற்றாது. பெட்டியில் உரசினால்தான் பற்றும். அப்படியானால் தீ யார் செய்த குற்றம்? குச்சியா, பெட்டியா, உரசிய கையா?

குடல் டாக்டர்களும் இப்போது ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறார்கள்.

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், க்ரோன்ஸ் என்று இரண்டு வியாதிகள். உடம்பின் காவல்படையே சொந்தக் குடலைத் தாக்கிப் புண்ணாக்கும். கோலைட்டிஸில் ரத்தமும் சீதமுமாகப் போகும். "மூலச்சூடுதான் மதினி, மோரைக் குடிங்க" என்று சொல்லியே வருஷக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். வெள்ளைக்காரர் நோய் என்று பாடப்புத்தகம் சொன்ன காலமும் உண்டு. பஞ்சாபில் வீடு வீடாகத் தேடிப் போய், லட்சத்துக்கு 44 பேருக்குக் கோலைட்டிஸ் இருப்பதாக 2003-ல் வெளியிட்டார்கள். அந்தக் கதையும் போச்சு.

ஜீன் சமாசாரமா? ஓரளவு. சம்பந்தப்பட்ட இடங்கள் மட்டும் 200-க்கு மேல். ஆனால் ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு க்ரோன்ஸ் வந்தாலும், மற்றவர் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார். தலையெழுத்து ஒன்று, வாசிப்பு வேறு! எந்த வரியை வாசிக்கலாம், எதை மூடி வைக்கலாம் என்று அடையாளம் ஒட்டவும் பிய்க்கவும் செல்லுக்குள் என்ஸைம்கள் இருக்கின்றன. இந்தப் படிப்புக்குப் பேர்தான் எபிஜெனடிக்ஸ். 'ஹெச்டாக்' என்ற கூட்டத்துக்குப் பிய்க்கிற வேலை. அதை மருந்தால் தடுத்தபோது எலிகளின் குடல் அழற்சி தணிந்ததை 2006-ல் ஜெர்மனியில் காட்டினார்கள். மனிதர்களுக்கு? இந்த வியாதிக்கென்று அந்த வகை மாத்திரை எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை. அந்த என்ஸைம் குடலில் மட்டுமா இருக்கிறது, உடம்பு பூராவும் அல்லவா இருக்கிறது!

வேடிக்கை என்னவென்றால், அதே என்ஸைமைத் தடுக்கிற சரக்கு நம் குடலிலேயே தயாராகிறது. பெயர் ப்யூட்டிரேட். செரிக்காமல் பெருங்குடல் வரை வந்து சேரும் மாவுச்சத்தை பாக்டீரியாக்கள் தின்று இதைத் தயாரிக்கின்றன. சோறு ஆறினால் அந்த வகை மாவுச்சத்து கூடும். 2021-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை டாக்டர்கள் அரசுப் பணத்தில் குடல் அழற்சிக்குப் பழைய சோற்றை ஆராயக் கிளம்பியது வெறும் பாட்டி பாசத்தில் அல்ல. (அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு நீராகாரத்தில் இறங்கிவிடாதீர்கள். ப்யூட்டிரேட்டையே நேராகக் குடலுக்குள் செலுத்திப் பார்த்த சோதனைகளில் சிலதில்தான் பலன்.)

என் கவலை வேறு. விதி என்று சொன்னவரை, பூர்வஜென்மத்தை இழுத்த சிலர் தவிர, நோயாளியை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. இனி செய்வோம். "ஜீனையே அடக்கி வைக்கலாமாமே, நீ கண்டதைத் தின்னுட்டு வந்து நிக்கிறே" என்போம். விதியை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் நோயாளியை உட்கார வைப்போம்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பட்டாசு ஆலைக்குப் போகும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்குள் சமைத்து, தூக்குவாளியோடு பஸ் பிடித்து, எத்தனை செய்தாளோ அத்தனைக்குக் கூலி. பட்டாசு மருந்துதான் குடலைப் புண்ணாக்கியது என்று கதை கட்டவில்லை. ஆனால் கோலைட்டிஸ் கிளம்பினால் ஒரு நாளில் பத்துத் தடவை எழுந்து ஓட வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கூலி குறையும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் சொல்லவும் கூச்சம். சாப்பாட்டைத் தள்ளிப் போடுவாள், தண்ணீரைக் குறைப்பாள். தூக்குவாளி திறக்காமலே வீடு திரும்பும். அவள் குடலுக்குள் ஒட்டுகிற, பிய்க்கிற அடையாளங்களில் எது அவளாகத் தேர்ந்தெடுத்தது?

விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அங்கே அவள் எதிரே உட்காரும் இளம் டாக்டர், "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்பார். கேட்கட்டும். "வேலை செய்யற இடத்துல கக்கூஸ் எவ்வளவு தூரம்மா?" என்று அடுத்ததாகக் கேட்டால், கேஸ் ஷீட்டில் எழுத இன்னும் ஒரு வரி கிடைக்கும்.