பெற்ற இதயமும் நடக்க வேண்டிய கால்களும்

பிறரிடம் பெற்ற ஒன்றுக்கு ஈடாக நாம் என்ன செய்யக் கடமைப்பட்டுள்ளோம்? கடன் என்றால் திருப்பிக் கொடுக்கலாம். உதவி என்றால் காலம் வரும்போது கைம்மாறு செய்யலாம். தந்தவர் இறந்துவிட்டார், தந்ததோ அவருடைய இதயம் என்னும்போது இக்கேள்வி அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை.

மனிதருக்கு மனித இதயத்தைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதன்முதலில் 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் மருத்துவர் கிறிஸ்டியன் பர்னார்டு தலைமையில் நடந்தது. அந்நோயாளி 18 நாள்களே உயிர் வாழ்ந்தார். ஒரு மாதத்திற்குள், 1968 ஜனவரி 2 அன்று, அதே மருத்துவமனையில் பிலிப் பிளைபர்க் என்ற பல் மருத்துவர் புதிய இதயம் பெற்று 19 மாதங்கள் வாழ்ந்தார். அவர் வெள்ளையர். இதயம் தந்த கிளைவ் ஹாப்ட் என்ற இளைஞரோ நிறவெறிச் சட்டங்கள் 'கலப்பினத்தார்' என ஒதுக்கி வைத்த மக்களைச் சேர்ந்தவர். கடற்கரைகளைக்கூட நிறம் பார்த்துப் பிரித்த அந்நாட்டில், பிளைபர்க் கடல்நீரில் இறங்கிய படங்கள் எடுக்கப்பட்டு உலகெங்கும் செய்தித்தாள்களில் வெளியாயின. பிழைத்தவர் பிழைத்திருந்தால் மட்டும் போதாது, நீந்தியும் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அன்றே தொடங்கிவிட்டது.

மாற்று இதயத்தின் இயல்பை அறிந்தவர்கள் அவ்வாறு எதிர்பார்க்க மாட்டார்கள். அறுவையின்போது இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கிறார்கள். நரம்புகளை இணைக்க இயலுவதில்லை. துடிப்பைத் தொடங்கி வைக்கும் ஆற்றல் இதயத்திற்குள்ளேயே இருப்பதால் அது துடிக்கிறது. ஆனால், வேகத்தைத் தணிக்கும் நரம்பு அறுபட்டமையால் ஓய்விலும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 90 முதல் 110 முறை துடிக்கும். நாம் எழுந்து நடந்தால் நம் இதயம் உடனே விரைகிறது. அவர் எழுந்து நடப்பதை அவருடைய இதயம் அவ்வளவு விரைவில் அறிவதில்லை. இரத்தத்தில் கலந்து வரும் அட்ரினலின் வந்து சேர்ந்த பின்னரே, சில நிமிடங்கள் கழித்து, அது மெல்ல வேகம் கொள்கிறது. அவர் நின்ற பிறகும் உடனே தணிவதில்லை. ஆகவே அவர் நாடியை எண்ணித் தம் உழைப்பை அளக்க முடியாது. மூச்சு வாங்குவதையும் களைப்பையும் கொண்டு தாமே உணர வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருக்கு நரம்புகள் ஓரளவு மீண்டும் வளர்வதும் உண்டு.

தடை இதயத்தில் மட்டும் இருப்பதாகவும் எண்ணிவிடக் கூடாது. இதயம் செயலிழந்து பல மாதங்கள் படுத்திருந்தவரின் கால் தசைகள் மெலிந்து போயிருக்கும். புதிய இதயத்தை உடல் புறக்கணிக்காதிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் தசையையும் எலும்பையும் மேலும் நலிவுறச் செய்யும். இளைஞரின் இதயம் நெஞ்சில் துடித்தாலும், கால்கள் பழைய நோயின் கால்களே.

1999-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வை இங்குக் குறிப்பிடத் தோன்றுகிறது. மாற்று இதயம் பெற்ற 27 பேரில் ஒரு பிரிவினருக்கு ஆறு மாதங்கள் மேற்பார்வையோடு உடற்பயிற்சி அளித்தனர். மற்றவர்கள் வீட்டில் தாமே பயிற்சி செய்தனர். உழைக்கும்போது உடல் ஏற்கும் உயிர்வளியின் உச்ச அளவு முதற்பிரிவினருக்கு 49 விழுக்காடும் மற்றவர்களுக்கு 18 விழுக்காடும் உயர்ந்தது. இதயம் கொடையாகக் கிடைத்தது. மாடிப்படி ஏறும் வலிமையை ஒவ்வொரு நாளும் உழைத்தே பெற வேண்டியிருந்தது, அதுவும் உடன் ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டபோது.

அருளா முயற்சியா என்று நம்மிடையே நடக்கும் வாதங்களுக்கு முடிவில்லை. மாற்கு நற்செய்தியில் யாயீரின் மகளை ஆண்டவர் உயிர்ப்பித்த நிகழ்ச்சியைப் படிப்போர் பெரும்பாலும் அச்சிறுமி எழுந்து நடந்ததோடு நின்றுவிடுகிறோம். அதன் பின் அவர் சொன்ன சொல் மிகச் சாதாரணமானது: அவளுக்கு உணவு கொடுக்கச் சொன்னார். உயிரை மீட்டுத் தந்தவர் சோறு ஊட்டும் வேலையை வீட்டாரிடமே விட்டுவிட்டார். அந்த ஒரு வேளை உணவு அருளுக்குக் குறையாகவோ போட்டியாகவோ நற்செய்தியாளருக்குத் தோன்றவில்லை.

இனி, நம்மை உறுத்துவதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் கெல்லி பெர்கின்ஸ் 1995-இல் மாற்று இதயம் பெற்றுப் பின்னர்க் கிளிமஞ்சாரோ மலையேறினார். கேட்க மகிழ்ச்சியே. ஆனால், நம் செபக்கூட்டங்களின் சாட்சிய மேடை இத்தகையோருக்கே இடம் வைத்திருக்கிறது. சிகிச்சை முடிந்து இரண்டாண்டுகள் ஆகியும் கோயில் படிகளில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறவரிடம், "இவ்வளவு பெரிய கொடையைப் பெற்றும் இப்படிச் சோர்ந்திருக்கலாமா?" என்று கேட்கிறோம், வாயால் கேட்காவிட்டாலும் பார்வையால் கேட்கிறோம். நன்றாகப் பயிற்சி செய்தவர்களிலும் பலர் தம் வயதொத்த நலமுள்ளோரின் ஆற்றலை எட்டுவதில்லை. நன்றியுணர்வை ஏறிய படிகளின் எண்ணிக்கையால் அளப்பது அநீதி.

கொடுத்தவர்கள் அப்படி அளப்பதில்லை. 2008 செப்டம்பரில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் இதயத்தை அவனுடைய பெற்றோர் தானமாகத் தந்தனர். காவல் துறை சாலையை ஒழுங்குசெய்ய, அது 11 நிமிடங்களில் சென்னை நகரைக் கடந்து ஒரு சிறுமியைச் சென்றடைந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 ஆகஸ்டு 29 அன்று உரோமையில் மாற்று அறுவைச் சிகிச்சையாளர்களின் மாநாட்டில் பேசியபோது, கைம்மாறு கருதாமல் கொடுப்பதையே இக்கொடையின் உயிர்நாடியாகக் கண்டார். கைம்மாறு கருதாதவரின் பெயரால் நாம் கைம்மாறு கேட்க உரிமையில்லை.

அவ்வாறாயின் பெற்றவருக்குக் கடமையே இல்லையா? உண்டு. மாத்திரைகளை நேரந்தவறாமல் உண்பது, சோதனைகளுக்குச் செல்வது, இயன்ற அளவு நடப்பது ஆகியன அவர் கடமை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒன்றைப் பேணும் கடமை இது. எவ்வளவு தொலைவு நடக்கிறார் என்பது அக்கடமையில் சேராது. அந்தப் பேணுதலும் தனியொருவரால் ஆகக்கூடியது அன்று. மருந்தின் விலையும் மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்துச் செலவும் வாழ்நாள் முழுதும் தொடர்பவை. நடக்கச் சொல்வது எளிது. மாலையில் உடன் நடக்க ஆள் வேண்டுமே.

அவ்வாறு உடன் நடக்கப் போகிறவர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். முதல் சில நிமிடங்கள் மிக மெல்ல நடக்க வேண்டும். பேச்சுத் தடைப்படும் அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வீட்டு வாசலை அடைந்ததும் அவரை உடனே அமரச் சொல்லாமல், இன்னும் சிறிது நேரம் முற்றத்தில் உலவச் செய்ய வேண்டும்.