துன்பம் கணக்கைத் தீர்க்காது



“நாங்கள் படாத பாடோ சுவாமி? இனி எங்களிட்டைக் கடவுள் என்ன கணக்குக் கேக்கப்போறார்?”

கோவில் வாசலிலும் செத்த வீட்டிலும் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. நீரும் ஒருநாள் சொல்லியிருப்பீர். சொன்னது குற்றமன்று. 2009 வரை நீடித்த யுத்தம் எத்தனையோ குடும்பங்களை ஊர் ஊராய் அலைத்தது. 2004 மார்கழியில் கடல் எழுந்து வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிற்று. இந்தக் கண்ணீரை அற்பமாக எண்ண எவருக்கும் உரிமையில்லை. லாசருவின் கல்லறையண்டையில் ஆண்டவரே அழுதார் அல்லவா?

ஆனாலும் இந்த வார்த்தைக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நாம் பட்ட துன்பத்தை, கடன் தீர்ந்ததற்கான பற்றுச்சீட்டாக ஆக்கிவிடுகிறோம். ஒருவனுடைய வீடு எரிந்து போனால், கடைக்காரன் இரங்கி அவன் கணக்கைக் கொப்பியிலிருந்து வெட்டிவிடலாம். அது கடைக்காரனுடைய தயவு. ஆனால் வீடு எரிந்தவன், தன் வயலில் வெயிலிலே நின்று வேலை செய்தவனைப் பார்த்து, “என் வீடு எரிந்துவிட்டது, ஆகையால் உனக்குக் கூலியில்லை” என்று சொன்னால் அது நீதியாகுமா? அந்தக் கூலிக்காரன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா?

யோபுவைப் பாரும். பிள்ளைகளை இழந்தான், மந்தைகளை இழந்தான், உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தான். “நான் பட்டது போதும், என்னை ஒன்றும் கேளாதேயும்” என்று அவன் சொல்லவில்லை. அந்தச் சாம்பலில் இருந்துகொண்டே தன் வாழ்வின் ஏட்டைத் தானே புரட்டுகிறான். என் வேலைக்காரன் முறையிட்டபோது அவன் நியாயத்தைத் தள்ளினேனோ? விதவையின் கண்களை ஏங்க வைத்தேனோ? அநாதைக்குக் கொடாமல் என் உணவை நான் தனியே உண்டேனோ? யோபு நூலின் 31ஆம் அதிகாரம் முழுவதும் இத்தகைய கேள்விகளே. கடைசியில் அவன் நிலை மாறியது எப்போது? தன்னை நோகடித்த நண்பர்களுக்காக அவன் மன்றாடிய பின்பே.

நம் நாட்டின் அப்போஸ்தலர் புனித யோசப் வாஸ் அடிகளையும் நினைத்துப் பாரும். 1687இல் ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்கள் எவரும் கால் வைக்கக்கூடாத யாழ்ப்பாணத்துக்குப் பிச்சைக்காரக் கோலத்தில் நோயாளியாய் வந்து சேர்ந்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில் இட்டார்கள். அதே கண்டியில் 1697இல் அம்மை நோய் பரவிற்று. நோயாளிகளைச் சொந்த வீட்டாரே கைவிட்டு ஓடினார்கள். “என்னைச் சிறையில் அடைத்த ஊர்தானே” என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. தம் மருமகன் யோசப் கர்வாலோ அடிகளோடு சேர்ந்து நோயாளிகளைத் தேடிப் போனார். குடிசை அமைத்தார், உணவூட்டினார், புண்ணைக் கழுவினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். கத்தோலிக்கரா பௌத்தரா என்று அவர் பார்க்கவில்லை. தாம் பட்ட பாடு, பிறர் படும் பாட்டை அறியும் கண்ணாயிற்று அவருக்கு.

நமக்கு அது என்னவாயிற்று? 2022ஆம் ஆண்டை இன்னும் மறந்திருக்க மாட்டோம். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் விடிய விடிய வரிசையில் நின்றோம். அந்த நாட்களில், யுத்தத்தில் எல்லாம் இழந்த நம்மிலேயே சிலர் பதுக்கி வைத்து அயலானுக்குக் கொள்ளை விலைக்கு விற்கவில்லையா? “எனக்கும் கஷ்டம்தானே” என்று வேலைக்காரியின் சம்பளத்தைக் குறைக்கவில்லையா? அந்நேரம் நமக்குக் கைகொடுத்தவரின் கடனை இன்றும் திருப்பாமல் இருக்கிறோமா? வெளிநாட்டில் இருக்கும் சகோதரனின் காணியை, “அவனுக்கென்ன, கஷ்டப்பட்டது நாங்கள்தானே” என்று நம் பேருக்கு எழுதிக்கொண்டோமா?

அன்பரே, கடைசி நாளில் நடுவர் என்ன கேட்பார் என்பதை ஆண்டவர் மறைக்கவில்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தை இன்றிரவு வாசியும். “நீ எத்தனை நாள் பசியாயிருந்தாய்” என்ற கேள்வி அங்கே இல்லை. பசித்தவனுக்குக் கொடுத்தாயா, நோயாளியைப் பார்த்தாயா என்பதே கேள்வி.

அப்படியானால் நம் துன்பம் வீணா? வீணல்ல. ஆண்டவருடைய சிலுவையோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கும் துன்பம் விலையேறப்பெற்ற காணிக்கை. ஆனால் காணிக்கையைப் பீடத்தண்டை கொண்டுவரும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று சொன்னவரும் அவரே.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் சற்று மௌனமாயிரும். ஒரு பெயர் நினைவுக்கு வரும். அது நாம் கூலி கொடாதவனாக, பேச்சை விட்ட உறவாக, கடன்பட்ட அயலவராக இருக்கலாம். அந்தப் பெயரைத் தள்ளிவிடாதேயும். ஆண்டவர் உம் கணக்குக் கொப்பியை இரக்கத்தோடு உம் முன்னால் திறந்து வைக்கிறார். நியாயத்தீர்ப்பு நாளில் திறக்கப்படுமுன் அதை இன்றே பார்ப்பது எவ்வளவு நல்லது! நாளை விடிந்ததும் அந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போம்.