நினைவு அறிவாகுமா: கேஷ் நினைவகமும் பிரமாண விவாதமும்

ஒருமுறை அறிந்ததைச் சேமித்து வைத்து, மீண்டும் கேட்கப்படும்போது மூலப்பொருளை நாடாமலேயே அதை விடையாகத் தருவது அறிவாகுமா என்ற கேள்வியை இந்திய மெய்யியல் மரபுகள் ஸ்மிருதி, அதாவது நினைவு, பற்றிய விவாதமாக நெடுங்காலம் நடத்திவந்தன. இதே கேள்வி கணிப்பொறிக்குள் நொடிதோறும் கோடிக்கணக்கான முறை எழுகிறது.

செயலி ஒரு கட்டளையை முடிக்க ஒரு நானோ நொடிகூட (நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) ஆகாதிருக்க, முதன்மை நினைவகத்திலிருந்து தரவு வந்துசேர ஏறத்தாழ 100 நானோ நொடி பிடிக்கிறது. இந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்காகச் செயலியை ஒட்டி வைக்கப்படும் சிறிய, விரைவான, விலைமிகுந்த சேமிப்பிடமே கேஷ் ஆகும். கணிப்பொறி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் 1965இல் இக்கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். 1968இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 அதை வணிகக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தது. நிரல்கள் சற்றுமுன் பயன்படுத்திய தரவையே மீண்டும் நாடுவதும், அதற்கு அடுத்த முகவரியில் உள்ளதைத் தொடர்ந்து கேட்பதும் இயல்பு என்பதால், ஒரு பைட் வேண்டப்படும்போதே, இன்றைய பெரும்பாலான செயலிகளில், 64 பைட் கொண்ட ஒரு தொகுதி முழுவதும் கேஷுக்குள் எடுத்துவரப்படுகிறது. நூறு தேடல்களில் 95 கேஷிலேயே 1 நானோ நொடியில் நிறைவேறுமானால், மீதி ஐந்தும் முதன்மை நினைவகம்வரை சென்று திரும்பினாலும், சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 6 நானோ நொடியே ஆகும்.

ஆயினும் அந்த 95 விடைகளும் பழைய பதிவுகளின் படிகளே. நியாய மரபு நினைவைப் பிரமாணமாக, அதாவது மெய்யறிவு தரும் கருவியாக, ஏற்பதில்லை. நினைவு அதன் பொருளிலிருந்து பிறப்பதில்லை, முன்னைய அனுபவம் விட்டுச்சென்ற பதிவிலிருந்தே பிறக்கிறது என்பது 9ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தைச் சேர்ந்த ஜயந்த பட்டர் காட்டும் காரணம். சமண அளவையியலாரோ நினைவையும் பிரமாணமாகக் கொண்டனர். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பவருக்கு அவ்விரண்டின் தொடர்பு நினைவில் இருந்தாக வேண்டும் என்பதால், நினைவைத் தள்ளினால் அனுமானமும் உடன் சரியும் என்பது அவர்கள் தரப்பின் வலிமை.

கணிப்பொறியின் வேகம் சமணர் பக்கம் பேசுவதுபோல் தோன்றினாலும், விரைவு மெய்ம்மைக்குச் சான்றாகாது. ஜயந்தரின் தடைக்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. பல உட்கருக்கள் (கட்டளைகளை நிறைவேற்றும் தனித்தனி அலகுகள்) கொண்ட செயலியில் ஓர் உட்கரு ஒரு தரவை மாற்ற முற்படும்போது, மற்ற உட்கருக்களின் கேஷ்களில் உள்ள அதன் படிகள் செல்லாதவை என்ற அறிவிப்பு அனுப்பப்பட்டு, அவை நீக்கப்படுகின்றன. அறிவு தன்னளவில் செல்லும், அதை மறுக்கும் வேறோர் அறிவு எழும்போதே வீழும் என்ற மீமாம்ச அறிஞர் குமாரில பட்டரின் கொள்கைக்கு இது நெருக்கமானது (குமாரிலரும் நினைவைப் பிரமாணமாக ஏற்றவரல்லர் என்பது வேறு செய்தி). இங்கே பொருளில் நிகழும் மாற்றம் படியை வந்தடைவதால், படி பொருளோடு தொடர்பற்றது என்ற குற்றச்சாட்டு நிற்காது.

இணையத்தள முகவரிகளை எண் முகவரிகளாக மாற்றித்தரும் டிஎன்எஸ் அமைப்பின் நிலை வேறு. அங்கே ஒவ்வொரு விடையோடும் அது எத்தனை நொடிகளுக்குச் செல்லும் என்ற கெடு மட்டுமே வருகிறது. மூலத்தில் முகவரி மாற்றப்பட்டாலும், படி வைத்திருக்கும் வழங்கிக்கு எவரும் அதை அறிவிப்பதில்லை. ஆகவே கெடு முடியும்வரை பழைய முகவரியே தரப்படலாம்; தரப்படும் விடை சரியாக இருந்தாலும், இடையில் மூலம் மாறாதிருந்ததே அதற்குக் காரணம். மூலத்தின் மாற்றம் வந்துசேரும் படியை அறிவு என ஏற்கலாம்; கெடுவை மட்டும் நம்பி நிற்கும் படியைப் பொறுத்தவரை ஜயந்தரின் தீர்ப்பே சரியானது.