தன்னையே எடைபோடும் தராசு



இலங்கைக்குக் கடலைத் தாண்ட வேண்டிய வேளையில் ஆஞ்சநேயர் ஒருபுறம் பேசாமல் அமர்ந்திருந்த கட்டம் நாம் எல்லோரும் அறிந்ததே. அவரிடம் ஆற்றல் இல்லாமல் இல்லை; அது தம்மிடம் இருப்பது நினைவில் இல்லை. ஜாம்பவான் எடுத்துச் சொன்ன பிறகே எழுந்தார். தன்னம்பிக்கை என்பது தனக்குத் தானே வரவழைத்துக்கொள்ள வேண்டியது என்று நாம் எண்ணுகிறோம். அது பிறர் வாயிலாகவும் வரும் என்பதை இக்கட்டம் காட்டுகிறது.

சத்வாவின் தையற்கடைகளிலும், பலர் சேர்ந்து தங்கும் அறைகளிலும் இரவில் எழும் கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல. "இந்த வேலை போனால் நாற்பத்தைந்து வயதில் நம்மை யார் எடுப்பார்கள்? இத்தனை ஆண்டு உழைத்து என்ன கண்டோம்? நமக்கு என்ன தெரியும்?" இக்கேள்விகளை நாம் யாரிடமும் சொல்வதில்லை. ஊருக்குப் பேசும்போது "நன்றாக இருக்கிறோம்" என்கிறோம். குற்றம் சாட்டப்பட்டவரும் நாமே, தீர்ப்புச் சொல்பவரும் நாமே என்றால் தீர்ப்பு நியாயமாக இருக்குமா?

கணிதமேதை இராமானுஜன் வாழ்வைப் பார்ப்போம். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களை விட்டதால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், பின்னர் எப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. உலகத்தின் கணக்கில் அவர் தோற்றவர். ஆனால் அவர் ஒன்று செய்தார். தமது நோட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு மனிதர்களைத் தேடிப் போனார்.

1910-இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரிடம் ஒரு சிறு வேலை கேட்டுச் சென்றார். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய அவர், நோட்டைப் பார்த்தவுடன் இவருக்குத் தகுந்த இடம் வேறு என்று உணர்ந்து, சென்னை நண்பர்களிடம் அனுப்பி வைத்தார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இருவரிடம் உதவி கிட்டாத நிலையிலும், 1913 ஜனவரியில் மூன்றாமவரான ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கதவு திறந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹார்டி எல்லாவற்றையும் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை, நிரூபணம் கேட்டார். பகா எண்களைப் பற்றி இராமானுஜன் எழுதியவற்றுள் சில பிழையாகவும் இருந்தன. அதனால் அந்த மனிதர் சிறியவர் ஆகிவிடவில்லை. செய்த வேலையை ஐயுறுவது நல்லது, அது திருத்தும். செய்தவனையே ஐயுறுவது வேறு. அது கையைக் கட்டிப்போடும். நாம் பெரும்பாலும் முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் போய் விழுகிறோம்.

நம்பிக்கை ஒருமுறை வந்தால் நிலைத்துவிடும் என்பதும் இல்லை. குடும்பத்தைப் பிரிந்து, போர்க்கால இங்கிலாந்தில் நோயுற்றுத் தனிமையில் வாடிய இராமானுஜன், 1918-இல் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அந்த ஒரு நாளின் தீர்ப்பு எவ்வளவு தவறானது! 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரலில் 32 வயதில் மறைந்தார். அதற்கு மூன்று மாதம் முன்புகூட, நோய்ப்படுக்கையிலிருந்து ஹார்டிக்குப் புதிய கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார்.

நாம் எல்லோரும் இராமானுஜன் ஆக முடியாது; ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் இராமசாமி ஐயர் ஆக நம்மால் முடியும். கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்கும் ஒரு தம்பியிடம், "உங்கள் தையலைப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது; அந்தப் பெரிய கடையில் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். வாய்ப் புகழ்ச்சி வேண்டாம். கண்ட திறமையைக் கண்டபடி சொன்னால் போதும். அதேபோல் நம் மனம் சோரும்போது, நமது நோட்டையும் ஒருவரிடம் திறந்து காட்டுவோம்.

தீர்ப்பை நாமே தனியாக எழுதாதிருப்போமாக. ஒருவருக்கொருவர் ஜாம்பவானாக இருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.