அடுத்தவரின் கடதாசிகள்

‘எங்களிட்டை ஒளிக்க என்ன கிடக்கு?’ கணனியும் அந்தரங்கமும் பற்றிப் பேச்செடுத்தால் எம்மவரிடமிருந்து முதலில் வருகிற பதில் இதுதான். அறியாமை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. தஞ்சம் கோரிய ஒருவர் தன் பிறந்த ஊர், குடும்பம், பிடிபட்ட இடம், உடம்பிலுள்ள தழும்பு வரை ஓர் அந்நிய அரசின் மேசையில் எடுத்து வைத்தாயிற்று. பத்து விரல் ரேகைகளும் 2003 ஜனவரியிலிருந்து இயங்கும் யூரோடாக் தொகுப்புக்குப் போயாயிற்று. இதற்கு மேலால் ஒரு மென்பொருள் கொம்பனி அறிவதற்கு எம்மிடம் என்னதான் மிச்சம்?

ஆனால் இரண்டு அறிதல்களும் ஒன்றல்ல. தஞ்ச விசாரணையில் ஒருவர் எதிரே இருந்து கேட்டார். நாம் பதில் சொன்னோம். சில இடங்களில் பேசாமல் இருந்தோம். என்ன சொன்னோம், யாருக்குச் சொன்னோம், எதற்காகச் சொன்னோம் என்பது எமக்குத் தெரியும். சொன்னவை நாம் விட்டோடி வந்த அரசின் கைக்குப் போகாதிருக்க ஒரு காவலும் உண்டு. தஞ்சம் கோருவோர் தரும் தகவல்களின் இரகசியம் தஞ்ச உரிமையின் அத்தியாவசியமான உத்தரவாதம் என்று பிரான்ஸின் அரசியலமைப்புச் சபை 1997இல் தீர்ப்பளித்தது. நெருக்கடியில் கொடுத்த வாக்குமூலம்தான். ஆனாலும் கொடுத்தது நாம். கணனி எடுப்பது வேறு விதம்.

2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வெளிவந்தது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டுக்கு இலவசம் என்றார்கள். இலவசம் என்றால் எம்மவர் விடுவார்களா! நிறுவும்போது திரையில் ‘விரைவு அமைப்பு’ என்று ஒரு பெரிய பொத்தான் வரும். அதை அழுத்தினால் வேலை முடிந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிவுசெய்ய விரும்புபவருக்கு ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு வழி இருந்தது. பெரிய பொத்தானை அழுத்தியவரின் கணனி தன் நடப்புகளையெல்லாம் கொம்பனிக்கு அறிவித்தபடி இருந்தது. விளம்பரத்துக்கென அவருக்கு ஓர் அடையாள இலக்கமும் சூட்டப்பட்டது. வீட்டுப் பாவனைக்கான பதிப்பில் இந்த அனுப்புதலைக் குறைக்கலாமேயன்றி முற்றாக நிறுத்த முடியாது.

பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணைக்குழுவான க்னில், 2016 ஜூலையில் மைக்றோசொவ்ற் கொம்பனிக்கு மூன்று மாத அவகாசத்துடன் பகிரங்க அறிவித்தல் கொடுத்தது. ஆகக் குறைந்த மட்டத்தில் வைத்தாலும், என்னென்ன மென்பொருட்களைத் தரவிறக்கினோம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் செலவிட்டோம் என்பவை திரட்டப்பட்டதாக அது கண்டது. பிரான்ஸில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பாவனையாளர்கள் இதில் சம்பந்தப்பட்டிருந்தனர். 2017 ஜூனில், கொம்பனி அடிப்படை மட்டத்தில் எடுக்கும் தகவல்களை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைத்துவிட்டது என்று கூறி ஆணைக்குழு கோவையை மூடியது. ஓராண்டுக்குள் குறைக்க முடிந்த அந்த அரைவாசி முதலில் எதற்கு வேண்டியிருந்தது?

நிற்க. பழுதைத் திருத்துவதற்குத் தகவல் வேண்டும் என்ற கொம்பனியின் வாதத்தில் நியாயம் உண்டு. கோடிக்கணக்கான வெவ்வேறு கணனிகளில் ஓடும் ஒரு இயங்குதளம் எங்கே இடறுகிறது என்று தெரியாமல் எப்படித் திருத்துவது? எமது கேள்வி சம்மதம் பற்றியது. வாசிக்க முடியாத மொழியில் எத்தனையோ கடதாசிகளுக்குக் கையெழுத்து வைத்துப் பழகியவர்கள் நாம். வேலைத்தலத்தில், வீட்டு வாடகைக்கு, வங்கியில், எல்லா இடத்திலும் ‘இங்கை வை’ என்று விரல் காட்டிய இடத்தில் வைத்திருக்கிறோம். அவற்றையெல்லாம் சம்மதம் என்று சட்டம் சொல்லலாம். வைத்த கைக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்ல அங்கே இடம் இருக்கவில்லை என்பது. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றபோது, ஐரோப்பாவில் உள்ளவர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் காசில்லாமல் என்றார்கள். அதைப் பெறுவதற்கும் கொம்பனியில் ஒரு கணக்கு வைத்து உள்நுழைய வேண்டும். புதுக் கணனி வாங்க வசதியுள்ளவருக்கு இது பொருட்டல்ல.

ஒரு தேவைக்கென்று எடுத்தது இன்னொன்றுக்குப் போகும் என்பதை நாம் யாரிடமும் படிக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வீடு தேடி வந்தவர்கள் சிலரின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்களிப்பதற்காகக் கொடுத்த பெயரும் முகவரியும்தான் அவை; கொடுத்தபோது யாரும் ஒளிக்கவில்லை, ஒளிக்க எதுவுமிருக்கவுமில்லை. பாரிஸிலும் இது நடந்தது. 1940 ஒக்ரோபரில் யூதர்கள் பொலிஸ் நிலையங்களுக்கு வரிசையில் போய்த் தம்மைப் பதிந்தார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து உருவான அட்டைத் தொகுப்பைக் கொண்டுதான் 1942 ஜூலையில் இரண்டு நாட்களில் சுமார் 13,000 பேர் பிடிக்கப்பட்டார்கள். நிர்வாகக் கோவைகளை ஒரே இலக்கத்தால் இணைக்கும் ‘சஃபாரி’ திட்டத்தை 1974 மார்ச்சில் லு மோந்த் பத்திரிகை வெளிப்படுத்தியபோது எழுந்த எதிர்ப்பே, க்னில் ஆணைக்குழுவை உருவாக்கிய 1978 ஜனவரி 6ஆம் திகதிச் சட்டத்தில் போய் முடிந்தது.

மென்பொருள் கொம்பனியும் காடையர் கூட்டமும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. இடாப்பைத் தயாரித்த எழுதுவினைஞரும் காடையரல்லவே.

இத்தனைக்கும் பிறகு ஒருவர், ‘என்ர தகவல், நான் குடுக்கிறன், உனக்கென்ன?’ என்று கேட்டால் எம்மிடம் பதில் குறைவு. அவருடையதை அவர் கொடுக்கட்டும். சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. எம்மவரின் கணனிகள் பெரும்பாலும் ஒருவருக்குரியவை அல்ல. ஒரு அறையில் நாலு பேர், அதில் கொஞ்சம் படித்தவன் ஒருவன். பல்கலைக்கழகத்தை அரைவாசியில் விட்டுவிட்டு வந்து கோப்பை கழுவுகிறவனாக இருந்தாலும், படிவம் நிரப்புவதற்கும் வழக்குக் கடிதம் அடிப்பதற்கும் எல்லோரும் அவனிடம்தான் வருவார்கள். அவனுடைய கணனியில் கிடப்பது அவனுடைய வாழ்க்கை அல்ல. இன்னொருவரின் தடுப்புக்காவல், இன்னொருவரின் மனைவிக்கு நடந்தது, ஊரில் இன்னும் இருக்கிற தம்பியின் பெயர். அவன் ‘சம்மதம்’ என்று அழுத்தும்போது இவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து அழுத்துகிறான். கேட்டவர் ஒருவருமில்லை.

இதில் சட்டம் உதவாது. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தகவல் பாதுகாப்பு ஒழுங்குவிதி, தனிப்பட்ட, வீட்டுப் பாவனைகளைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிடுகிறது. கொம்பனி என்ன செய்யலாம் என்று சட்டம் சொல்லும். நண்பனின் வாக்குமூலத்தை வைத்திருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. வாசலும் பெருகிக்கொண்டு போகிறது. கணக்கொன்றில் உள்நுழைந்த பல கணனிகளில் ‘ஆவணங்கள்’ கோப்புறை கொம்பனியின் ஒன்ட்றைவ் சேமிப்பிலும் பிரதியாகிறது. 2024 மேயில் அறிவிக்கப்பட்ட ‘றீகோல்’ என்ற வசதி, திரையில் தெரிவதைச் சில செக்கன்களுக்கொரு தடவை படமெடுத்து வைப்பது. படங்கள் அந்தக் கணனியை விட்டுப் போகாது என்றார்கள். ஆனால் கணனிக்குள் நுழைந்தவர் எவரும் அவற்றைச் சுலபமாக வாசிக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டியதும் அடுத்த மாதமே பின்போட்டார்கள். 2025 ஏப்ரலில், விரும்பியவர் மட்டும் இயக்கிக்கொள்ளும் விதமாகத் திரும்ப வந்தது. விரும்புவது கணனிக்காரர். திரையில் தெரிவது யாருடைய கடிதமோ!

அண்மையில் எம்மோடு சமையலறையில் நிற்கும் அண்ணை ஒருவர் தன் மேன்முறையீட்டுக்கான விபரத்தை அடித்துத் தரும்படி கேட்டார். லினக்ஸ் போட்ட ஒரு பழைய கணனி எம்மிடம் இருக்கிறது, இணையத் தொடர்பு கொடுப்பதில்லை. அதில் அடிக்கலாம், கொஞ்சம் சுணங்கும் என்றோம். ஏனென்று கேட்டார். இங்கே எழுதியிருப்பவற்றை ஏறக்குறைய அப்படியே சொன்னோம். ‘தம்பி, எனக்கு ஒண்டுமில்லை. ஆனா என்னை ரெண்டு மாசம் வைச்சிருந்த ஆக்கள் இப்பவும் அங்கைதான்’ என்றார். பெயர்கள் வரும் இடங்களில் வெற்றிடம் விட்டு ஐந்து பக்கம் அடித்துக் கொடுத்தோம். வெற்றிடங்களை அவர் பேனையால் நிரப்பினார்.