பாதகம் தீர்வது எதனால்?

திருவிளையாடல்களில் என்னை அதிகம் உலுக்கியது மாபாதகம் தீர்த்த படலம். தாயிடமே முறைதவறி, தந்தையையும் கொன்ற ஒருவன் ஊர் ஊராக ஓடி மதுரைக்கு வந்து சேர்கிறான். வேடனாக வந்த சொக்கநாதர் அவனுக்குச் சொன்னதெல்லாம் வேலைகள். பிச்சையேற்று ஒருவேளை உண்ண வேண்டும், அடியாருக்குத் தொண்டு செய்ய வேண்டும், பசுவுக்குப் புல் கொடுக்க வேண்டும், நீராடிக் கோயிலை வலம்வர வேண்டும். இவனுக்குமா அருள் என்று அம்மை கேட்கிறாள். கதியற்றவனைக் காப்பதே காப்பு என்கிறார் இறைவன்.

குற்றத்தில் சிக்கிய சிறாரை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் சமூகப் பணியாளர் உறுப்பினராக நான் இருந்த நாட்களில் இந்தப் படலம்தான் எனக்குத் துணை. நடுவர் ஒருவர், உறுப்பினர்கள் இருவர். அந்த இருவரில் ஒருவராவது பெண். மேடை இல்லை, கூண்டு இல்லை. மோட்டார் சைக்கிள் திருடிய பையன் எதிரே நிற்பான். அவன் எட்டாம் வகுப்போடு நின்றதும், செங்கல் சூளைக்குப் போனதும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையில் இருக்கும்.

வண்டியைப் பறிகொடுத்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "செஞ்ச வினைய அனுபவிச்சாத்தாம்மா புத்தி வரும்." தவணை கட்டி வாங்கிய வண்டி, அவர் கோபம் நியாயமானது. ஆனால் வினையை அனுபவிப்பது வேறு, வினையைத் தீர்ப்பது வேறு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இரண்டாவதையே நாடுகிறது. அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு என்று படிகள் உண்டு. அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம். அந்தப் பையனைச் சமூக சேவைக்காக முதியோர் இல்லத்துக்கு அனுப்பினோம். கை நடுங்கும் பெரியவர் ஒருவருக்கு அவன் நகம் வெட்டிவிட்டதைப் பார்த்தேன். ஒவ்வொரு விரலையும் பிடித்து, வலிக்குதா தாத்தா என்று கேட்டுக் கேட்டு வெட்டினான்.

கொடுங்குற்றம் என்றால்? 2012 தில்லிக் கூட்டு வல்லுறவுக் கொடுமைக்குப் பிறகு வந்த இச்சட்டப்படி, 16 வயது நிரம்பியவரின் மனமுதிர்ச்சியையும் சூழலையும் குழுமம் மதிப்பிட்டு, பெரியவரைப் போல விசாரிக்கச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அப்போதும் மரண தண்டனை கிடையாது. விளைவு தெரிந்தே செய்தான் என்பார்கள். தெரிவதற்கும் தன்னை அடக்குவதற்கும் நடுவே சில வருட வளர்ச்சி இருக்கிறது. மகாபாரதத்தில், சிறுவயதில் பூச்சியைக் குத்திய பாவத்துக்காக மாண்டவ்ய முனிவரைக் கழுவேற்றவிட்ட தருமதேவனே அவரிடம் சாபம்பெற்று விதுரனாகப் பிறந்தான். பதினான்கு வயதுவரை பாவம் ஒட்டாது என்று அந்த முனிவர் வரம்பும் வகுத்தார்.

அடித்து வினை தீர்க்க முடியாது. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்தான். கைதானவர்கள் அங்கிருந்த ஊழியர்கள். இல்லங்களைச் சீர்செய்ய வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு கேட்டது. அவர் பரிந்துரைகள் ஏட்டோடு நின்றுவிடக் கூடாது.

குழுமம் முடித்த வழக்கின் பதிவுகளை அழிக்கச் சட்டமே சொல்கிறது. உங்கள் பட்டறைக்கோ கடைக்கோ அப்படி ஒரு பையன் வேலை கேட்டு வந்தால், பழைய கதையைக் கிளறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.